தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையில் மழைக்கால நடை: நீர்புகாத பூட்ஸா, நீர் வடியும் காலணியா?

நடைக்குழு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

வணக்கம். சானி கணவாய் அடிவாரத்தில் தொடங்கி புஷ்மன்ஸ் நெக் வரை செல்லும் ஜயன்ட்ஸ் கப் பாதையில் வருகிற ஜனவரியில் எங்கள் குழு நடக்கவிருக்கிறது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர், 5 நாள். இரவில் தங்கக் கூரையுள்ள குடில்கள் உண்டு. ஜனவரி இங்கே கோடை; டிராக்கன்ஸ்பெர்க்கில் கோடை என்றால் பிற்பகல் இடிமழை என்பது நாம் அறிந்ததே. குழுவில் ஒரு பாதியினர் நீர்புகாத பூட்ஸ் வாங்கியே தீர வேண்டும் என்கிறார்கள். மற்றவர்கள் வலைத்துணிக் காலணியே போதும், நனைந்தால் நனையட்டும் என்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொல்ல வேண்டுகிறேன்.

மலைப்பித்தன்:

எனக்கு இதில் ஐயமே இல்லை. கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ், அதனுள் நீர்புகாச் சவ்வு, அதற்கு மேல் முழங்கால் வரை கெய்ட்டர் என்னும் கால் உறை ஆகிய மூன்றும் இருந்தால் பாதம் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். அந்தப் பாதையில் மழைக்கு முன்பே நம்மை நனைப்பது புல்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜனவரியில் உயர்ந்து வளர்ந்து நிற்கும் புல், முந்தைய நாள் மழையையும் விடிகாலைப் பனியையும் தாங்கிக்கொண்டிருக்கும். வலைத்துணிக் காலணியோடு அதற்குள் இறங்கினால் காலைத் தேநீரின் சூடு ஆறுவதற்குள் காலுறையைப் பிழிய வேண்டியிருக்கும். அதே புல்லில் பஃப் ஆடர் விரியனும் படுத்திருக்கலாம் என்பதால், கணுக்கால் மூடிய பூட்ஸ் வேறொரு வகையிலும் காப்பாகிறது.

ஓடைக்கரை, டர்பன்:

மலைப்பித்தன் அண்ணா, புல்லைப் பற்றியும் விரியனைப் பற்றியும் நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. சவ்வைப் பற்றித்தான் வழக்கு. கோர்-டெக்ஸ் போன்ற சவ்வு நீர்த்துளியைத் தடுத்து, நீராவியை மட்டும் வெளியே விடுகிறது என்பது சரியே. ஆனால் அந்த நீராவி வெளியேற வேண்டுமானால், பூட்ஸுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட வெப்பமும் ஈரமும் மிகுந்ததாக இருக்க வேண்டும். ஜனவரிப் பிற்பகலின் புழுக்கத்தில், மேல்தோலும் மழையில் ஊறிப்போன நிலையில், அந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடுவதால், வெளிநீர் ஒரு சொட்டும் புகாவிட்டாலும் நம் வியர்வையிலேயே காலுறை நனைகிறது. ஓடையைக் கடக்கும்போது நீர் பூட்ஸின் விளிம்பைத் தாண்டி இறங்கிவிட்டாலோ, வெளியே நின்ற நீரைத் தடுத்த அதே சவ்வு உள்ளே வந்த நீரையும் வெளியே விடாது. அது முழுதாக உலர ஒரு நாளும் போதாது. வலைத்துணிக் காலணி சற்று நேர நடையிலேயே பெரும்பகுதி நீரைத் தள்ளிவிடும்.

கடற்கரையோரமாகச் செல்லும் ஆட்டர் நடைபாதையில் நான்காம் நாள் புளூக்ரான்ஸ் ஆற்றுமுகத்தில், கடல் வற்றும் நேரம் பார்த்து, சில வேளை முதுகுப்பையை நீர்புகா உறையில் கட்டி நீந்தியே கடக்கிறார்கள். அங்கே எந்த பூட்ஸ் உலர்ந்து நிற்கும்? பகல் முழுவதும் பாதத்தை உலர வைப்பது நம்மால் ஆகாத காரியம். ஒவ்வோர் இரவும் உலர வைப்பது ஆகக்கூடியது. முயற்சியை அதில் செலவிடுங்கள்.

மலைப்பித்தன்:

ஆட்டர் பாதை கடற்கரை வழி, தங்கச்சி. 3,000 மீட்டர் உயரத்து மலைவிளிம்பில் ஆலங்கட்டி மழைக்குப் பின் நனைந்த காலோடு நின்று பார்த்தால் இப்படி எழுதமாட்டீர்கள்.

செவிலி, சாட்ஸ்வொர்த்:

இருவரும் காலணியையே பேசுகிறீர்கள். நான் தோலைப் பற்றிச் சொல்கிறேன். நெடுநேரம் ஈரத்தில் கிடக்கும் தோல் ஊறி வெளுத்து மென்மையாகிறது. உலர்ந்த தோலைவிட ஈரத்தோலில் உராய்வு மிகுதி என்பதால் கொப்புளம் எளிதில் எழும்புகிறது. விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் வரும். இத்துடன் குளிரும் சேர்ந்தால், உறைநிலைக்குச் சற்று மேலான வெப்பநிலையிலேயே நரம்பும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெட்டு, முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் படைவீரர்களை முடக்கிய பாதநோய் உண்டாகலாம். அன்று அவர்களுக்கு இடப்பட்ட கட்டளையும் காலுறையை மாற்று, பாதத்தைத் துடைத்து எண்ணெய் தேய் என்பதுதான். ஆகவே ஓடைக்கரை சொல்லும் இரவு உலர்வு தேவையானது. ஆனால் குளிர் மிகுந்த இடத்தில் அது மட்டும் போதாது என்பதில் மலைப்பித்தன் ஐயாவின் பக்கம்தான் நான்.

வியர்வையடக்கி பூசிக்கொண்டு போகலாமா என்று எங்களிடம் கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கப் படைப்பயிற்சி மாணவர்களிடம் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், நடைக்கு முன் குறைந்தது 3 இரவுகள் அலுமினியம் குளோரைடு கரைசலைப் பூசியவர்களில் 21 விழுக்காட்டினருக்கும், பூசியது வெற்றுக் கரைசலாக இருந்தவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் 21 கிலோமீட்டர் நடைக்குப் பின் கொப்புளம் வந்தது. பயன் தெளிவு; ஆனால் அந்த மருந்தைப் பூசியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தோல் எரிச்சல் உண்டானதால் நான் பரிந்துரைப்பதில்லை. புறப்படுமுன் வாசலின் தடவிக்கொள்வது எளிது.

நடைக்குழு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

காலுறையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்களில் சிலர் வீட்டிலிருக்கும் பருத்திக் காலுறையே போதும் என்கிறார்கள்.

ஓடைக்கரை, டர்பன்:

பருத்தியை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அது நீரைப் பிடித்துக்கொண்டு விடாது, நனைந்தால் சூடும் தராது. மெரினோ கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்வதால் தொடுவதற்கு ஈரமாகவே தோன்றாது. நைலான் கலந்ததாக இருந்தால் உழைக்கவும் செய்யும். ஆளுக்கு மூன்று இணை போதும். இரண்டு இணை நடைக்கு. மூன்றாவது நீர்புகாப் பையில் கிடந்து, குடிலில் மட்டும் வெளியே வர வேண்டும். மறுநாள் காலை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அதை அணிந்து நடக்கக் கூடாது. நண்பகலில் பாறையில் உட்காரும்போது காலணியைக் கழற்றிப் பாதத்தைக் காற்றாட விடுங்கள், கழற்றிய இணையை முதுகுப்பையின் வெளிப்புறத்தில் ஊக்கு குத்தி வெயில்பட நடங்கள்.

மலைப்பித்தன்:

காலுறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இரவில் பிழிந்த காலுறையை வயிற்றோடு வைத்துத் தூங்கினால் உடற்சூட்டில் உலரும் என்பார்கள். அந்த ஈரம் தூக்கப்பைக்குள் போய், இறகு நிரப்பிய பையானால் அதன் உப்பலைக் குலைத்துவிடும். குடில் இருக்கும்போது கயிற்றில் காயப்போட்டாலே போதும். பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரமானதும் மாற்றுங்கள். நெருப்பருகே மட்டும் வைக்க வேண்டாம்: பசை விட்டுப்போகும், தோல் வெடிக்கும்.

காலணியில் என் முடிவு மாறவில்லை. ஆயினும் ஜயன்ட்ஸ் கப் பாதை உயர மலைவிளிம்பில் ஏறாமல் அடிவாரக் குன்றுகளிலேயே செல்வதால், ஓடைக்கரையின் வழியில் போகிறவர்கள் கெய்ட்டர் அணிவார்களானால் நான் வாதாடமாட்டேன். குளிர்காலத்தில் பனி கிடக்கும்போது அதே காலணியோடு மேலே வருவதாக இருந்தால் மீண்டும் வாதாடுவேன்.

ஓடைக்கரை, டர்பன்:

குளிர்காலத்துக்கு நானும் பூட்ஸ்தான் அணிகிறேன், அண்ணா. கேள்வி ஜனவரியைப் பற்றியது.

நடைக்குழு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

நன்றி. பூட்ஸ் வைத்திருப்பவர்கள் அதையே அணியட்டும், இல்லாதவர்கள் புதிதாக வாங்க வேண்டாம், கெய்ட்டரும் கம்பளிக் காலுறையும் எல்லோருக்கும் என்று குழுவில் சொல்லவிருக்கிறேன். இருவர் மட்டும் டிசம்பர் விற்பனையில் பூட்ஸ் வாங்கப் போவதாகப் பிடிவாதமாக இருக்கிறார்கள்.

மலைப்பித்தன்:

அவர்களை இந்த மாதமே வாங்கச் சொல்லுங்கள். காலுக்குப் பழகாத தோல் பூட்ஸ் மழையில்லாமலேயே கொப்புளம் போடும்.