பாவாடை தடுத்ததாம், கையைத் தூக்கினாளாம்!

பழையமட்டை:
வெண்ணிலா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கிரிக்கெட்டில் கையை உயர்த்திப் பந்து வீசுவதைக் கண்டுபிடித்தவர் கிறிஸ்டினா வில்ஸ் என்ற பெண்ணாம். களஞ்சியத்தில் அண்ணனுக்குப் பந்து போடும்போது, கையைக் கீழே வைத்து வீச அகலமான பாவாடை இடித்ததால் பக்கவாட்டில் தூக்கி வீசினாராம். அதைப் பார்த்து அண்ணன் ஜான் வில்ஸ் கற்றுக்கொண்டாராம். ஜான் வில்ஸ் இங்கிலாந்தின் கென்ட்டில் ரவுண்ட்ஆர்ம், அதாவது கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, வீசியது 1807இல். அந்தக் காலத்துப் பெண்களின் கவுன் மார்புக்குக் கீழே இறுக்கி, காலோடு ஒட்டி விழும். வளையம் வைத்து அகலமாக்கிய பாவாடை அதற்குள் வழக்கொழிந்துவிட்டது, திரும்பி வந்தது 1850களில். இல்லாத பாவாடை எப்படியம்மா இடிக்கும்?

வெண்ணிலா:
நான் எழுதியது பத்துப் பத்தி. உங்கள் கண்ணில் பட்டது பாவாடை மட்டும்தானா? 1745 ஜூலை 26, கில்ட்ஃபோர்டு பக்கத்தில் காஸ்டன் காமன். பிராம்லிப் பெண்கள் 11 பேரும் ஹாம்பிள்டன் பெண்கள் 11 பேரும் கிரிக்கெட் ஆடினார்கள். எல்லோரும் வெள்ளை உடை, தலையில் ரிப்பன், ஒரு அணிக்கு நீலம், மற்றதற்குச் சிவப்பு. 127க்கு 119 என்று ஹாம்பிள்டன் ஜெயித்தது. பெரும்பாலான ஆண்களுக்குச் சமமாக வீசினார்கள், அடித்தார்கள், ஓடினார்கள், பிடித்தார்கள் என்று அன்றைய பத்திரிகையே எழுதியது. இதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?

பழையமட்டை:
உண்டு. வளையப் பாவாடை நாகரிகமாக இருந்ததே அந்த 1745இல்தான். அப்போது எல்லோரும் கையைக் கீழே வைத்துத் தரையோடுதான் பந்து போட்டார்கள். அவர்களை இடிக்காத பாவாடை, அறுபது வருடம் கழித்து, அதுவும் ஒல்லியாகிப்போன பிறகு இடித்ததா?

மூன்றாம்நடுவர்:
ஒரு நிமிடம். "கையை உயர்த்தி" என்றால் தோள் உயரம் வரையா, தோளுக்கு மேலா? தோள் உயரத்துக்கு அனுமதி வந்தது 1835இல், தோளுக்கு மேலே 1864இல். இரண்டும் வேறு. முதலில் எதைப் பேசுகிறோம் என்று முடிவு செய்யலாமே?

வெண்ணிலா:
கிராமத்துப் பெண்கள் வளையம் கட்டிக்கொண்டா ரன் ஓடினார்கள்? நாகரிகப் படங்களை வைத்து விளையாட்டை அளக்காதீர்கள்.

பழையமட்டை:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! விளையாடும்போது வளையம் கிடையாது. அப்புறம் எது இடித்தது?

சாமிக்கண்ணு:
ஹாம்பிள்டன் பெண்கள் ஜெயித்ததில் ஆச்சரியம் என்ன? கிரிக்கெட்டின் தொட்டிலே அந்த ஊர்தானே.

பழையமட்டை:
சாமிக்கண்ணு, தொட்டில் என்று சொல்வது ஹாம்ப்ஷயர் மாவட்டத்து ஹாம்பிள்டனை. இந்தப் பெண்கள் சர்ரே மாவட்டத்து ஹாம்பிள்டன். பெயர் ஒன்று, ஊர் வேறு. இதை உங்களுக்கு மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்.

சாமிக்கண்ணு:
மூன்று தடவையும் இதே அகந்தையோடுதான் சொன்னீர்கள்.

பந்துக்காரன்:
கிரிக்கெட்டையே கட்டிக்கொண்டு அழுகிறீர்களே. 1755 ஈஸ்டர் மறுநாள் வில்லியம் பிரே என்ற இளைஞர், பெண்களும் ஆண்களுமாகச் சேர்ந்து பேஸ்பால் ஆடியதை நாட்குறிப்பில் எழுதினார். அதுவும் கில்ட்ஃபோர்டில்தான். அமெரிக்கா சொந்தம் கொண்டாடும் ஆட்டத்தை அவர்களுக்கு முன்பே சர்ரே பெண்கள் ஆடிவிட்டார்கள்.

குச்சிக்கணக்கு:
எனக்குப் பிடித்தது வேறு. அந்த 127ஐ ரன் என்று சொல்லவில்லை, வெட்டு என்றார்கள். கணக்கு வைப்பவர் கையில் ஒரு குச்சியும் கத்தியும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குச்சியில் ஒரு வெட்டு. 127 வெட்டு விழுந்த குச்சியை நினைத்துப் பாருங்கள்.

பழையமட்டை:
குச்சி இருக்கட்டும். பாவாடைக்கு வருவோம்.

வெண்ணிலா:
வாருங்கள். அரசவைக்குப் போகும் பெண்கள் 1820 வரை வளையப் பாவாடை கட்டினார்கள். வழக்கொழிந்தது என்று அடித்துச் சொன்னீர்களே?

பழையமட்டை:
ஆஹா! அப்படியென்றால் கிறிஸ்டினா அரசவை உடையில் களஞ்சியத்துக்குள் போய் அண்ணனுக்குப் பந்து போட்டார். முகத்துக்குப் பவுடரும் பூசியிருப்பாரோ? அதோடு டாம் வாக்கர் என்ற ஹாம்ப்ஷயர் ஹாம்பிள்டன் ஆட்டக்காரர் (சாமிக்கண்ணு கவனிக்க) 1780களிலேயே கையைத் தூக்கிப் பார்த்தார், கிளப் தடுத்தது. அவர் எந்தப் பாவாடை கட்டியிருந்தார்?

வெண்ணிலா:
முன்பே ஒருவர் முயன்றார் என்பதால் கிறிஸ்டினா வீசவில்லை என்று ஆகிவிடுமா? 1822இல் லார்ட்ஸில் கையைத் தூக்கியதற்கு நோபால் சொன்னதும் ஜான் வில்ஸ் கோபத்தில் குதிரை ஏறிப் போனாரே, அந்தக் கதையை மட்டும் வருடா வருடம் ரசித்து எழுதுகிறீர்கள். ஆணின் கோபம் வரலாறு, பெண்ணின் பந்து கட்டுக்கதையா?

பழையமட்டை:
நோபால் சொன்னதற்குச் சாட்சி மைதானம் முழுக்க இருந்தது. களஞ்சியத்தில் யார் இருந்தார்கள்? நான் பெண்களுக்கு எதிரி இல்லை. 1811இல் ஹாம்ப்ஷயர், சர்ரே பெண்கள் 500 கினி (அன்றைய ஆங்கிலேயத் தங்க நாணயம்) பந்தயத்துக்கு ஆடியதைப் பற்றி முதலில் எழுதியவனே நான்தான். அந்தப் பதிவுக்கு நீங்கள் நன்றிகூடச் சொல்லவில்லை, நினைவிருக்கட்டும்.

பந்துக்காரன்:
நன்றிதான் பிரச்சினையா? பேஸ்பாலுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மூன்றாம்நடுவர்:
தோள் வரையா, தோளுக்கு மேலா? இன்னும் யாரும் சொல்லவில்லை.

வெண்ணிலா:
நன்றி ஐயா. போதுமா? உங்கள் 1811 பதிவில் ஹாம்ப்ஷயரை நீங்களே சர்ரே என்று மாற்றிப் போட்டிருந்தீர்கள்.

பழையமட்டை:
அது தட்டச்சுப் பிழை, அன்றே திருத்திவிட்டேன். நீங்கள் இன்னும் அந்தப் பாவாடையைத் திருத்தவில்லை.