களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: சம்பளம், வட்டி, வீட்டுச் செலவு

களியக்காவிளை, கொல்லங்கோடு, அருமனை, எல்லை தாண்டினால் பாறசாலை. இந்தப் பக்கத்திலிருந்து துபாய்க்கும் சார்ஜாவுக்கும் வந்திறங்குகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்றுதான். நான் திருப்பி ஒன்று கேட்பேன். உன் சம்பளம் எவ்வளவு என்று வீட்டில் ஒருவருக்காவது முழுதாகத் தெரியுமா தம்பி?

பல பேர் விழிப்பார்கள். சொந்தக்காரர்கள் கடன் கேட்பார்கள் என்று பயந்து குறைத்துச் சொன்னவர்கள் உண்டு. பெண் வீட்டில் மதிப்புக்காகக் கூட்டிச் சொன்னவர்கள் அதைவிட அதிகம். கூட்டிச் சொன்னால் என்ன ஆகும்? அத்தை மகள் கல்யாணத்துக்கு ஒரு பவுன் போடுகிறோம் என்று அம்மா வாக்குக் கொடுத்துவிடுவார். அவர்மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்த கணக்கு அது.

அதனால் முதல் சம்பளம் வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பெட் ஸ்பேஸ் (ரூமில் ஒரு கட்டில் இடம்) வாடகை, மெஸ் காசு, போன், பஸ், ஊர்க்கடன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து, வீட்டில் காசைக் கையாள்பவருக்கு அனுப்புங்கள். மனைவியோ அம்மாவோ, யார் அந்த வீட்டை நடத்துகிறாரோ அவருக்கு. ஊர் முழுக்கத் தெரிய வேண்டாம், அவருக்குத் தெரிந்தால் போதும்.

இன்னொன்று. நம் பக்கத்து வீடுகளில் காசு வருகிற விதமே வேறு. ரப்பர் ஷீட் விற்ற காசு, கொத்தனார் கூலி, கடலுக்குப் போனவருக்குப் பங்கு எல்லாம் நாளுக்கோ வாரத்துக்கோ கைக்கு வரும், மழை பிடித்தால் நின்றுவிடும். வீட்டுக்காரர்கள் அந்த ஓட்டத்துக்குப் பழகியவர்கள். நீங்கள் மாதம் ஒரு தடவை அனுப்பினால், முதல் பத்து நாளில் தீர்ந்துவிட்டது என்று போன் வரும். உடனே கொஞ்சம், அப்புறம் கொஞ்சம் என்று அனுப்பிப் பழக்காதீர்கள். பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு தடவையும் கட்டணம் தனி. மாதம் ஒரே தேதி, ஒரே தொகை; அதை நான்கு வாரத்துக்குப் பிரித்து வைப்பது வீட்டிலிருப்பவர் பொறுப்பு. இரண்டு மூன்று மாதம் முணுமுணுப்பு இருக்கும், பிறகு சரியாகிவிடும்.

ரேட் ஏறட்டும் என்று காசைக் கையில் வைத்துக் காத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அமீரகத்தில் 1997 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே திர்ஹம் ரேட் ஏறுவதும் இறங்குவதும் டாலருக்கு எதிரே ரூபாய் ஆடுகிற ஆட்டம்தான். பத்துப் பைசா ஏறினால் 2,000 திர்ஹமுக்கு 200 ரூபாய் கூடும். விசாவுக்காக ஊரில் மூணு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கியிருந்தால், மாதம் 3,000 ரூபாய், அதாவது நாளுக்கு நூறு ரூபாய் வட்டி ஓடுகிறது. இரண்டு நாள் காத்திருந்தாலே அந்த 200 போய்விட்டது.

அந்த மூணு வட்டிக் கடனைப் பற்றியும் பேசியாக வேண்டும். அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கலாம் என்று இந்திய விதி வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி-யும்தான். அமீரகச் சட்டமோ ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது. ஆனாலும் நம் ஊரில் இடைத்தரகர் கையில் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். கொடுத்தது கொடுத்தாயிற்று. வீட்டில் நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ அடகு வைத்து, மூணு வட்டிக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள். ஆண்டுக்கு 36 சதவீதம் தின்கிற கடனை வைத்துக்கொண்டு வைப்பு நிதி போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல!

வங்கிக் கணக்கு விஷயம் சுருக்கமாக. வெளிநாட்டில் வேலைக்கு வந்துவிட்டால் ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அதை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் ஊர் வருமானத்துக்கு வைக்கும் கணக்காக, மாற்ற வேண்டும். இங்கே சம்பாதிப்பதைப் போட என்.ஆர்.இ. கணக்கு ஒன்று திறங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதமும் அதற்குமேல் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். மனைவி ஊரில் இருந்தால் என்.ஆர்.இ. கணக்கில் 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' (முதல் பெயருக்காரர் நடத்துவார், அவருக்குப் பின் மற்றவருக்கு) முறையில் அவரையும் சேர்க்கலாம். வங்கியில் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

சீட்டு போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், 2015 முதல் வெளிநாடுவாழ் இந்தியர்களும் சீட்டில் சேர ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்திருக்கிறது. பணம் வங்கி வழியாகப் போக வேண்டும், அதைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. பாறசாலைப் பக்கம் ஆள் இருந்தால் கேரள அரசின் நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் சிட்டி (சீட்டு) இருக்கிறது, பிரவாசி சிட்டி என்றே தனியாக நடத்துகிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கமானால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா என்று பாருங்கள். ரூமில் மலையாளிகளும் நாமும் சேர்ந்து போடும் கைச்சீட்டில் எழுத்து ஏதும் இருக்காது. ஒருவர் விசா ரத்தாகி ஊருக்குப் போய்விட்டால் மீதிப் பேர் நடுத்தெருவில்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வாங்க வேண்டும் என்பது நம்மில் பாதிப் பேருக்கு ஆசை. தரகர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன்: வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வீட்டு மனையும் வீடும் வாங்கலாம். அப்பாவின் தோட்டம் வாரிசாக வந்தால் தடையில்லை.

பழக்கங்களுக்கு வருகிறேன். முதலாவது கிராசரிக் கடைப் பற்று. மலையாளி சேட்டன் கடையில் போன் அடித்தால் சாமான் ரூமுக்கே வந்துவிடும், நோட்டில் எழுதிக்கொள்வார். சம்பா அரிசி, மரச்சீனிக் கிழங்கு, வெளிச்செண்ணெய், நேந்திரங்காய் சிப்ஸ், ஊரில் கிடைக்கும் எல்லாமே கிடைக்கும். சிப்ஸும் சர்பத்தும் அந்த நோட்டில் எப்படிப் பெருகுகின்றன என்பது மாதக் கடைசியில்தான் தெரியும். மெஸ்ஸில் சேர்ந்து வாங்குங்கள், தனிப் பற்று வேண்டாம். அப்புறம் சிகரெட். அமீரகத்தில் 2017 அக்டோபர் முதல் புகையிலைக்கு நூறு சதவீத எக்சைஸ் வரி. ஊரில் இழுத்ததே இங்கே இழுத்தால் எவ்வளவு போகும் என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்.

கிரெடிட் கார்டு மால் வாசலிலேயே கையில் திணிப்பார்கள். மினிமம் மட்டும் கட்டினால் போதும் என்பார்கள். பல கார்டுகளில் பாக்கிக்கு வட்டி மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல், அதாவது நம் ஊர் மூணு வட்டியேதான். பாக்கி வழக்காகிவிட்டால் ஊருக்குப் போக முடியாதபடி பயணத் தடையும் வரலாம். முழுதாகக் கட்ட முடிகிறவர் வைத்துக்கொள்ளட்டும்.

குடும்பத்தைக் கூட்டி வருகிறவர்கள் வாடகையை மட்டும் பார்க்கக் கூடாது. துபாயில் ஃபிளாட் எடுத்தால் கரண்டு, தண்ணீருக்கு தேவா என்கிற துபாய் மின்சார, குடிநீர் வாரியத்தில் 2,000 திர்ஹம் டெபாசிட். ஆண்டு வாடகையில் ஐந்து சதவீதம் வீட்டுக் கட்டணமாக அதே பில்லில் மாதாமாதம் வரும்.

சம்பளக் கடிதத்தில் மொத்தத் தொகையைவிட அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். ஒரு வருடம் முடித்த பிறகு, முதல் ஐந்து வருடங்களுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை. மொத்தம் 3,500 திர்ஹம் இருந்தும் அடிப்படை 2,000 என்றால் வருடத்துக்கு 1,400தான் சேரும்.

பத்தாம் வகுப்பு முடிக்காமல் இ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவை என்று குறித்த) பாஸ்போர்ட்டில் வந்தவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இருக்கும், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் வந்தாலோ பத்து லட்சம் ரூபாய். அந்தத் தாளின் நகல் வீட்டில் இருக்கட்டும். முகவரி கேரளத்தில் இருப்பவர், வெளிநாடுவாழ் கேரளத்தவர்களுக்கான அரசு அமைப்பான நோர்க்காவிலும், தமிழ்நாட்டில் இருப்பவர் அயலகத் தமிழர் நல வாரியத்திலும் பதிவு செய்யுங்கள். எல்லையில் இருப்பதால் பலர் மாற்றி விண்ணப்பித்து அலைகிறார்கள்.

டிக்கெட் பற்றி: ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையும் ஓணமும் கிறிஸ்துமஸும் திருவனந்தபுரம் டிக்கெட்டை எங்கேயோ கொண்டுபோய்விடும். விடுப்பு உங்கள் கையில் இருந்தால் அந்த மாதங்களைத் தவிருங்கள். முடியாதென்றால் மதுரையையும் கொச்சியையும் சேர்த்துப் பாருங்கள், ஆனால் அங்கிருந்து வீட்டுக்கு வரும் கார் வாடகையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.