மணலின் உமிழ்திறன் 1.03 வருகிறது, எங்கே தப்பு?

மணல்மேடு:
அவசரம், நாளை மறுபடி வெளியே போக வேண்டும். கையில் தூக்கிப்போகும் எப்டிஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலைமானி) மணலை அளந்தேன், 10 முதல் 12 மைக்ரான் அலைநீளம் வரை உமிழ்திறன் (அதே சூட்டில் முழுக் கரும்பொருள் உமிழும் கதிரில் எத்தனை பங்கு என்பது) 1.03இல் நிற்கிறது. போதாக்குறைக்கு கோடு முழுக்க முள் முள்ளாக இருக்கிறது. மென்பொருளை அழித்துத் திரும்ப நிறுவியும் பார்த்துவிட்டேன்.

கருந்தகடு:
வெயிலா நிழலா, வானத்தை அளந்தீர்களா, கருவியை அளவுதிருத்தக் கரும்பொருள் எத்தனை வைத்தீர்கள், மணலின் வெப்பநிலை எப்படி எடுத்தீர்கள்? ஒன்றுமே சொல்லவில்லையே.

நைட்ரஜன்குடம்:
டிடெக்டர்தான். அதைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் குறையக் குறைய சிக்னல் சரியும், நான் பட்டிருக்கிறேன். குடத்தை நிரப்பிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

பழையகை:
தம்பி, உமிழ்திறன் 1ஐத் தாண்டாது. கருவியைத் தொடும் முன், உமிழ்திறனும் உறிஞ்சுதிறனும் சமம் என்னும் கிர்க்காஃப் விதியைப் படித்துவிட்டு வரலாம்.

கருந்தகடு:
தாண்டக்கூடாது என்று தெரிந்ததால்தானே கேட்கிறார்!

மணல்மேடு:
நல்ல வெயில், மேகமில்லை. வானத்தின் கதிரை எதிரொளிக்க வைத்து அளக்கத் தங்கத் தகடு. சூடும் குளிருமாக இரண்டு கரும்பொருள். வெப்பநிலை தெர்மோகப்பிள் என்னும் கம்பி உணரியில்.

சாய்கோணம்:
முட்கள் மேலே நிமிர்கின்றனவா, கீழே தொங்குகின்றனவா? அவை நீராவிக் கோடுகள். அந்த அலைநீளங்களில் வானம் பிரகாசமாக இருக்கும், அதனால் மணலின் பிளாங்க் மதிப்பிலிருந்து (அதே சூட்டில் கரும்பொருள் உமிழும் அளவு) வானத்தைக் கழித்து வகுக்கும்போது வகுக்கும் எண் சிறுத்துவிடும், வெப்பநிலைத் தப்பு அங்கேதான் பெரிதாகத் தெரியும். குறைத்துக் கொடுத்திருந்தால் முள் மேலே, கூட்டியிருந்தால் கீழே. 10 மைக்ரானில் ஒரு டிகிரி பிசகினாலே சுமார் ஒன்றரை சதவீதம் போய்விடும். வெப்பநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், எங்கே முள் அடங்குகிறதோ அதுதான் மணலின் மேற்பரப்பு வெப்பநிலை.

நைட்ரஜன்குடம்:
அதெல்லாம் சரி, டிடெக்டரையும் பார்த்துவிடுங்கள்.

பழையகை:
தங்கத் தகடெல்லாம் ஆடம்பரம். கசக்கிய அலுமினியத் தாளில் நாங்கள் காலம் தள்ளவில்லையா?

கருந்தகடு:
தள்ளியிருப்பீர்கள். ஒவ்வொரு முறை கசக்கும்போதும் அது வேறு தாள், எவ்வளவு எதிரொளிக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

பழையகை:
தங்கம் மட்டும் முழுசாக எதிரொளிக்கிறதா? நாலைந்து சதவீதம் தானும் உமிழும். வெயிலில் காயும் தகட்டின் சூட்டை எத்தனை பேர் அளக்கிறீர்கள்?

கருந்தகடு:
அது நியாயம். ஆனால் தாளுக்கும் அதே கதைதானே.

மணல்மேடு:
நிமிர்ந்துதான் இருந்தன. தெர்மோகப்பிளை ஒரு சென்டிமீட்டர் உள்ளே குத்தியிருந்தேன், மேலே அதைவிடச் சூடு என்று தோன்றவே இல்லை. 5 டிகிரி கூட்டியதும் முள் அடங்கி 0.96க்கு வந்துவிட்டது. 8 முதல் 9.5 மைக்ரான் வரை மணலில் உள்ள குவார்ட்ஸின் இரட்டைப் பள்ளமும் தெளிவாகத் தெரிகிறது. நன்றி, கிளம்புகிறேன்.

பழையகை:
தகட்டின் சூட்டை அளந்தீரா, அதைச் சொல்லவே இல்லையே?

சாய்கோணம்:
அவர் போய்விட்டார்.