புதுப்பிப்பு: வகுப்பில் சொந்த போன், மூன்று வாரம் கழித்து

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். பிளஸ் ஒன் கணக்கு வகுப்பில் ஜியோஜீப்ரா என்ற கணித வரைபடச் செயலிக்காகப் போன், டேப்லெட் கொண்டுவரச் சொன்னோம். நான் போர்டு பக்கம் திரும்பினால் பாதிப் பேர் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள், என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பறிமுதல் செய்வதை நிறுத்திவிட்டேன். வாங்கி வைத்த போனைத் திருப்பித் தரும் பஞ்சாயத்திலேயே பீரியட் போய்விடுகிறது. இப்போது இருவருக்கு ஒரு போன். "திரை கீழே" என்று சொன்னால் எல்லாம் பெஞ்சில் கவிழ்ந்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் வேறு செயலிக்குப் போக முடியாதபடி ஒரே செயலியைத் திரையில் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, ஐபேடில் அதே வேலைக்குக் கைடட் அக்சஸ். போன் அவர்களுடையது, பூட்டை அவர்களே எடுத்துவிடலாம் என்பதால் அதை மட்டும் நம்பவில்லை. பெரிய மாற்றம் நான் இடம் மாறியதால்தான் வந்தது. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்று நடத்துகிறேன், எல்லாத் திரையும் தெரிகிறது.

அப்புறம் ஒரு பையன். போனை வெளியே எடுக்கவே மாட்டான். திமிர் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். ஜோடி சேர்த்தபோதுதான் பார்த்தேன், திரை முழுக்க விரிசல், மேலே செலோ டேப். பக்கத்துப் பையனின் போனில் ஸ்லைடரை இழுத்து, எக்ஸ் வர்க்கத்தின் கெழு மைனஸ் ஆனதும் பரவளையம் கவிழ்வதை முதலில் சொன்னவன் அவன்தான். அன்றே தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் மட்டும் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. சரி, அன்றைக்கு நோட்டும் பென்சிலும் போதும் என்று விட்டுவிட்டேன்.