காட்டு நன்னாரி: நீங்கள் பார்த்த வித்தியாசங்களைச் சொல்லுங்கள்

கீழமாசி வீதிக்காரன்:
நாட்டு மருந்துக் கடையில்தான் என் பிழைப்பு. சித்திரை பிறந்தால் போதும், ஜிகர்தண்டாவுக்கு சர்பத் காய்ச்சுகிறவர்கள் நன்னாரி வேரை மூட்டையாகவே எடுப்பார்கள். மூட்டையைப் பிரித்ததும் ஒரு வேரை ஒடித்து மூக்கருகே வைத்துப் பார்ப்பேன். நல்ல வேரின் தோல் கரும்பழுப்பாக, குறுக்கே வெடித்து வெடித்து இருக்கும். உள்ளே கெட்டியான குச்சி. மணமெல்லாம் தோலில்தான். பருத்து, சதைப்பற்றாக வந்தால் அது மாகாளிக் கிழங்கு. இரண்டிலும் வாசனைப் பொருள் ஒன்றே என்பதால் மூக்கை மட்டும் நம்ப முடியாது.

விஷயம் அதுவல்ல. அசல் நன்னாரியிலேயே நத்தம் பக்கத்து வேர் ஒரு மணம், உசிலம்பட்டி பக்கத்து வேர் ஒரு மணம். மண்வாகு என்பார் முதலாளி. எனக்குப் பாதி நம்பிக்கைதான். ஒரே ஆள், ஒரே கரட்டில் தோண்டிய கட்டிலேயே ஒன்று கமகமக்கிறது, இன்னொன்று சப்பென்று இருக்கிறதே!

பாலமேட்டுப் பெண்:
அண்ணே, இலையிலும் அப்படித்தான். எங்கள் வேலியோரக் கொடியில் ஓர் இலை ஒல்லியாக நீண்டு, நடுவே வெள்ளை வரியோடு இருக்கும். அதே கொடியில் இன்னோர் இலை அகலமாக இருக்கும். அதனால் இலையைப் பார்த்து ரகம் பிரிக்க என் மாமியார் ஒத்துக்கொள்ளவே மாட்டார். கிள்ளினால் பால் வரணும், வேரைச் சுரண்டினால் மணக்கணும், அவ்வளவுதான் அவருக்கு. முன்பெல்லாம் வேரில் பாதியை மண்ணிலேயே விட்டு மூடிவிட்டு வருவார்களாம். இப்போது கடப்பாரையோடு வருகிறவர்கள் காய் வெடிக்கும்வரைகூடப் பொறுப்பதில்லை. ஜோடி ஜோடியாகத் தொங்கும் அந்தக் காய் வெடித்தால்தானே எருக்கம் பஞ்சு மாதிரி விதை பறக்கும்?

தாவரவியல் மாணவன்:
அக்கா சொன்ன விதை விஷயம்தான் முக்கியம். ப்ராஜெக்டுக்காக நன்னாரி இலையில் டிஎன்ஏ எடுத்தோம். பெரிய ரோதனை. முற்றிய இலையை அரைத்தால் கரைசல் பழுப்பாகிக் கொழகொழவென்று ஆகிவிடும், தளிர்தான் ஓரளவு ஒத்துவரும். எடுத்ததைப் பெருக்கி, ஜெல் என்கிற கூழ்ப்படலத்தில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் டிஎன்ஏ துண்டுகள் கோடு போன்ற பட்டைகளாகத் தெரியும். ஒரே வேரிலிருந்து கிளைத்த கொடிகளில் பட்டைகள் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். தனித்தனி விதையில் முளைத்தவற்றில் இடம் மாறும். ஆக, ஒரு கரட்டில் நூறு கொடி நின்றாலும் நூறும் வேறு வேறு என்று சொல்லிவிட முடியாது.

நர்சரியில் வேர்த்துண்டில் வளர்த்த நாற்றும் தாயின் நகல்தான். தாய் நல்ல மணமென்றால் லாபம். ஆனால் ஒரு பூஞ்சை அந்தத் தாயைச் சாய்க்குமென்றால் தோட்டத்தையே சாய்த்துவிடும். தாங்கி நிற்கிற செடி வேண்டுமானால் விதையில் முளைத்த காட்டுக் கொடிகளுக்குள்தான் தேடணும். 1993 வாக்கில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகக் காடுகளில் மூலிகைகளை இருக்கிற இடத்திலேயே காக்கும் திட்டம் தொடங்கியது. நம் அழகர்கோவிலும் அதில் ஒன்று. வேலி போட்டு வளர்ப்பதல்ல. பூத்து, மகரந்தம் கலந்து, விதை விழ விட்டுவைப்பது.

கீழமாசி வீதிக்காரன்:
அப்போ என் வேர்க்கட்டில் இருந்தது ரெண்டு தாய் வேர் என்கிறீர்களா தம்பி?

தாவரவியல் மாணவன்:
இருக்கலாம் அண்ணே. மண்ணும் சேரும், உங்கள் முதலாளி சொன்னது முழுத் தப்பில்லை. வேரின் வயசு, வெயிலில் காய்ந்ததா நிழலில் காய்ந்ததா என்பதையும் பார்க்கணும்.

பாலமேட்டுப் பெண்:
இந்த வருஷம் தோண்ட வந்தவர்களிடம் காய் வெடித்த பிறகு வாங்க என்று சொல்லிவிட்டோம். முனகிக்கொண்டேதான் போனார்கள்.