திரும்பப் பெறப்பட்ட ஹீற்றர்: பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கிடைக்குமா?

வணக்கம். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மன்றில் இருக்கிறோம். அம்மாவின் அறை குளிர் என்று போன வருடம் கராஜ் சேலில் சிறிய மின் ஹீற்றர் ஒன்று வாங்கினேன். நேற்று பிளக்கைத் தொட்டேன், கை சுட்டுவிட்டது. மாடல் இலக்கத்தைப் போட்டுத் தேடினால், தீப்பிடிக்கும் அபாயம் என்று ஹெல்த் கனடாவின் திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறது! உடனே கழற்றி வைத்துவிட்டேன்.

நிறுவனத்துக்கு எழுதினால் பற்றுச்சீட்டு கேட்கிறார்கள். கராஜ் சேலில் யார் பற்றுச்சீட்டு தருகிறார்கள்? மாடலும் தயாரித்த திகதியும் ஸ்டிக்கரில் தெளிவாக இருக்கின்றன. இனிப் பாவிக்க முடியாது என்று காட்ட வயரை வெட்டிப் படம் அனுப்பி யாராவது பணமோ மாற்று ஹீற்றரோ வாங்கினீர்களா? வெட்டிய பிறகு நிறுவனம் கையை விரித்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் தயக்கம்.

அத்தானோ, "சும்மா தா, நான் கராஜில் போடுகிறேன்" என்கிறார். கனடாவில் இப்படிப்பட்ட பொருளை விற்க மட்டுமல்ல, இலவசமாகக் கொடுக்கவும் சட்டம் விடாது. 2018இல் வோர்னாடோ என்ற ஹீற்றர் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 3,50,000 ஹீற்றர்களைத் திரும்பப் பெற்றது. அதற்கு முன் மினசோட்டாவில் 90 வயது முதியவர் ஒருவர் அந்த ஹீற்றர் தொடர்பான தீயில் இறந்திருந்தார். சொன்னால் அத்தான் சிரிக்கிறார்.

அப்புறம் இன்னொன்று. அம்மாவுக்கு எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை சரிவருமா? 1500 வாட் என்றால் 120 வோல்ட்டில் 12.5 அம்பியர் இழுக்கும். அம்மாவின் அறைக்கான 15 அம்பியர் பிரேக்கரிலேயே மைக்ரோவேவும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் தாங்குமா? பாவிக்கிறவர்கள் சொல்லுங்கள்.