அரச செல்வாக்கா, அரசகுலச் செல்வாக்கா?

வணக்கம் எல்லாருக்கும். பிரிட்டிஷ் ஆர்மியில கசையடி ஒழிஞ்ச கதைக்கான சொற்பட்டியல்ல ‘ராயல் இன்ஃபுளுவன்ஸ்’ (ராஜ குடும்பத்தின்ர செல்வாக்கு) எண்டதுக்குத் தமிழில ‘அரச செல்வாக்கு’ எண்டு போட்டிருக்கு, அதைக் கட்டாயம் மாத்தவேணும். கொழும்பில அரச எண்டால் கவர்மெண்ட் தான், அரச ஊழியர், அரச வங்கி, அரச விடுமுறை எண்டு நாள் முழுக்கச் சொல்லுறம். வெள்ளவத்தையில ஏஎல் படிக்கிற என்ர தங்கச்சியின்ர மகள் வரைவை வாசிச்சிட்டு ‘இது எந்த மினிஸ்டர், மாமா?’ எண்டு கேட்டவ, பிள்ளையில பிழை இல்லை.

இந்த விஷயத்தில மோதினதே கவர்மெண்டும் ராஜ குடும்பமும் தானே. 1856 தொடக்கம் 1895 வரைக்கும் ஆர்மியின்ர தலைமைத் தளபதியா இருந்த கேம்பிரிட்ஜ் கோமகன் விக்டோரியா மகாராணியின்ர சித்தப்பாவின்ர மகன், கசையடியை எடுத்தால் படையில கட்டுப்பாடு குலைஞ்சிடும் எண்டு பிடிவாதமா நிண்டவர், ஆனா பாராளுமன்றம் 1868இல சமாதான காலத்துக்கு நிப்பாட்டி 1881இல முழுசாவே எடுத்துப்போட்டுது. இதில ‘அரச செல்வாக்கு கசையடியைக் காப்பாத்தினது’ எண்டு எழுதினா எங்கட ஆக்கள் கவர்மெண்ட் காப்பாத்தினது எண்டு தான் விளங்குவினம்.

‘முடிச் செல்வாக்கு’ எண்டு ஒரு அண்ணை சொன்னவர், அதுவும் சரிவராது அண்ணை, முடிக்குரிய காணி எண்டால் இங்க அரசாங்கக் காணி.

அதோட ராஜ குடும்பம் எப்பவும் ஒரே பக்கம் நிக்கேல்லை, அதால சொல்லில நல்லது கெட்டது ரெண்டும் ஒட்டக்கூடாது. விக்டோரியாவின்ர தகப்பன் கென்ற் கோமகன் ஜிப்ரால்டர்ல ஆளுநரா இருக்கேக்க வைன் கடையளைப் பூட்டி, கடுமையா நடத்தி, 1802 நத்தாருக்கு முதல்நாள் சிப்பாய்மாரே கலகம் செய்தவங்கள். அவரைத் திருப்பிக் கூப்பிட்டது தலைமைத் தளபதியா இருந்த அவற்ற சொந்த அண்ணன் யோர்க் கோமகன் தான், ரெஜிமெண்ட் நீதிமன்றம் 300 அடிக்கு மேல போடேலாது எண்டு 1812இல கட்டளை போட்டவரும் அவரே. 300 எண்டதே எவ்வளவு கொடுமை, அதைத் தான் அந்த நாளில இரக்கம் எண்டு நினைச்சிருக்கினம்.

1881க்கு ‘உடல் தண்டனை ஒழிப்பு’ எண்டும் போடாதேங்கோ, கசையடி போன இடத்துக்கு வந்தது ஆளைப் பீரங்கிச் சில்லில கட்டி வைக்கிற தண்டனை, அது 1923 வரைக்கும் இருந்தது. ‘கசையடி ஒழிப்பு’ காணும்.

என்ர தெரிவு ‘அரசகுலச் செல்வாக்கு’. குலம் எண்டால் சாதி நினைவு வருது எண்டு ஆரும் சொன்னா, நீளமெண்டாலும் ‘அரசகுடும்பச் செல்வாக்கு’க்கும் சம்மதம், ‘அரச’ எண்டதை மட்டும் தனிய விட்டிடாதேங்கோ.